ஒரே ஒரு விமானம்: நார்மன் அகஸ்டின் போட்ட கணக்கு

இன்னைக்கு எபிசோட்ல நாம பார்க்கப் போறது நார்மன் அகஸ்டின் என்கிற இன்ஜினியரோட கதை. இந்தப் பேரை நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆனா லாக்ஹீட் மார்ட்டின் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ராட்சச ஆயுத நிறுவனத்தை உருவாக்கினதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1935-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படித்தார். 1958-ல் டக்ளஸ் விமான நிறுவனத்தில் வேலை, 1965-ல் பென்டகன். நடுவில் கொஞ்ச காலம் தனியார் நிறுவனம், மறுபடியும் அரசுப் பணி. 1977-ல் மார்ட்டின் மரியட்டாவில் சேர்ந்து, பத்து வருஷத்தில் சிஇஓ ஆனார். அதாவது, ஆயுதம் வாங்குற பக்கத்திலும் உட்கார்ந்தவர், விற்குற பக்கத்திலும் உட்கார்ந்தவர்.

இவர் ஒரு கிராஃப் போட்டார். ரைட் சகோதரர்களோட விமானத்தில் தொடங்கி, ஒவ்வொரு காலத்து போர் விமானத்தின் விலையையும் லாக் ஸ்கேலில் புள்ளி வைத்தார். கிட்டத்தட்ட நேர்க்கோடு! பத்து வருஷத்துக்கு நாலு மடங்கு. கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா இருபது வருஷத்தில் 16 மடங்கு, முப்பது வருஷத்தில் 64 மடங்கு. பாதுகாப்பு பட்ஜெட் அந்த வேகத்தில் வளரவே இல்லை. ரெண்டு கோட்டையும் நீட்டினா 2054-ல் சந்திக்கும். அந்த வருஷம் மொத்த பட்ஜெட்டுக்கும் ஒரே ஒரு விமானம்தான் வாங்க முடியும், அதை விமானப்படையும் கடற்படையும் வாரத்தில் ஆளுக்கு மூன்றரை நாள் பகிர்ந்துக்கணும்னு கிண்டலா எழுதினார். 1980-களில் வந்த 'அகஸ்டின்ஸ் லாஸ்' புத்தகத்தில் இது 16-வது விதி.

கிண்டல்தான், ஆனா எண்களைப் பாருங்க. பி-2 குண்டுவீச்சு விமானம் 132 வாங்கறதா திட்டம், கட்டினது 21. எஃப்-22 முதல் திட்டத்தில் 750. படைக்குப் போனது 187. பனிப்போர் முடிந்ததும் ஒரு காரணம். ஆனா எண்ணிக்கை குறைஞ்சா ஒவ்வொண்ணோட விலையும் ஏறும், விலை ஏறினா இன்னும் குறைப்பாங்க. விஷச் சுழல்.

1993-ல் பென்டகனில் ஒரு இரவு விருந்து. பாதுகாப்புத் துறை நிறுவனங்களின் தலைவர்களைக் கூப்பிட்டு, இனி உங்க எல்லாருக்கும் ஆர்டர் கொடுக்க பணம் இல்லைனு துணைச் செயலர் வில்லியம் பெர்ரி தெளிவா சொல்லிட்டார். அந்த விருந்துக்கு 'கடைசி இராவுணவு'னு பேர் வைத்தவரே அகஸ்டின்தான்.

அவர் எடுத்த வழி, இணைப்பு. லாஜிக் எளிது. பத்து பேர் ஏற வேண்டிய ஷேர் ஆட்டோ ரெண்டு பேரோட ஓடினாலும் டீசல் செலவு அதேதான். பாதி காலியா ஓடுற தொழிற்சாலைகளை ஒண்ணா சேர்த்தா, ஒரு விமானத்தின் மேல விழுற நிலையான செலவு குறையும். 1993-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஏரோஸ்பேஸ் பிரிவை வாங்கினார். 1995-ல் மார்ட்டின் மரியட்டாவும் லாக்ஹீடும் ஒண்ணாச்சு. 1996 தொடக்கத்தில் அதுக்கும் அவரே சிஇஓ.

இதுக்கு விலை கொடுத்தது யாரு? ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தாங்க. இணைப்புச் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்றது. ஆட்குறைப்புக்கு மக்கள் வரிப்பணமானு பெர்னி சாண்டர்ஸ் போன்றவர்கள் கடுமையா எதிர்த்தாங்க. 1997-ல் நார்த்ராப் குரூமனையும் சேர்க்கப் போனப்ப அரசே தடுத்தது; அடுத்த வருஷம் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதுக்குள்ள அகஸ்டின் ஓய்வு பெற்று பிரின்ஸ்டனில் பாடம் நடத்தப் போயிட்டார்.

2022-ல் பென்டகன் அறிக்கையே சொல்லுது: 1990-களில் 51-ஆ இருந்த முதன்மை நிறுவனங்கள் இப்ப 5. போட்டி குறைந்தது தேசப் பாதுகாப்புக்கே ஆபத்துங்கிற கவலையும் அதில் இருக்கு.

என் பார்வையில், அகஸ்டின் நோயைச் சரியா கண்டுபிடிச்சார். ஆனா இணைப்பு அதுக்கான மருந்து இல்லை. நிலையான செலவைக் குறைச்சா அந்தக் கோடு கொஞ்சம் கீழே இறங்கும். அதோட சாய்வு மாறாது. அல்காரிதம் படிச்சவங்களுக்கு இது புரியும்: கான்ஸ்டன்டைக் குறைச்சு எக்ஸ்போனென்ஷியலை ஜெயிக்க முடியாது. விலையை ஏத்துறது ஒவ்வொரு தலைமுறையிலும் நாம கூட்டிக்கிட்டே போற தேவைகள்.

விமானப்படை, கடற்படை, மரைன்ஸ் மூணும் இன்னைக்கு எஃப்-35 என்கிற ஒரே விமானத்தின் மூணு வடிவங்களைப் பகிர்ந்துக்கறாங்க. செய்யறது லாக்ஹீட் மார்ட்டின். 2054-க்கு இன்னும் நேரம் இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!