நாகலிங்க மரமும் நான் சொல்லிக்கொடுத்த தவறும்

மணவூரிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பேத்தி எடுத்துவிட்டாள், ஆனாலும் எனக்கு அவள் எட்டாம் வகுப்புதான். "சார், நாகலிங்கம் நம்ம ஊர் மரமே இல்லையாமே? போன்ல வந்துச்சு. வெளிநாட்டு மரத்தை வாசல்ல எதுக்கு வெச்சிருக்கே, வெட்டிடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். நீங்க ஆயிரம் வருஷத்து மரம்னு சொன்னீங்களே சார்?"

சொன்னேன். உண்மைதான். அவள் வாசலில் நிற்கும் மரமே நான் கொடுத்த கன்றுதான். கன்று கொடுத்த அன்று வகுப்பில் ஒரு கதையும் சேர்த்துக் கொடுத்தேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைச் சொல்கிறார், அதில் வரும் 'நாகம்' இதுதான் என்று கரும்பலகையிலேயே எழுதிப் போட்டேன். அது தவறு. அந்த நாகம் வேறு. நாகப்பூ என்கிறோமே, வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாக இருக்கும், அந்த மரம். இலங்கையின் தேசிய மரம் அதுதான். பெயர் ஒட்டியிருந்ததை வைத்து நான் முடிவு கட்டிவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அன்று என் வகுப்பில் இருந்த எல்லோரும் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நாகலிங்க மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகள். ஓப்லே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1762-ல் பிரெஞ்சு கயானாவுக்குப் போய் அங்குள்ள செடிகொடிகளைச் சேகரித்தார். 1775-ல் வெளியான அவருடைய நூலில்தான் இதற்கு 'குரூபிட்டா கயானென்சிஸ்' என்ற பெயர் ஏறியது. முன்பாதி அங்குள்ள பழங்குடி மக்கள் வழங்கிய பெயரிலிருந்து வந்தது, பின்பாதி ஊர்ப்பெயர். பக்கத்து ஸ்டேஷனான திருவாலங்காட்டுக் கோயிலுக்கு ராஜேந்திர சோழன் பழையனூரைக் கொடுத்துச் செப்பேடு எழுதினானே, அப்போது இந்த மரம் கடலுக்கு அப்பால் நின்றிருந்தது. தேவாரத்தில் கொன்றை உண்டு, எருக்கு உண்டு, ஊமத்தை உண்டு. நாகலிங்கம் இல்லை. இருக்கவும் முடியாது.

அப்படியானால் சிவன் கோயிலுக்குள் எப்படி வந்தது? வெள்ளைக்காரர்கள் உலகமெங்கும் தாவரவியல் தோட்டம் போட்டு மரங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் இதுவும் கப்பலேறியது. இலங்கையின் பேராதனைத் தோட்டத்துக்கு 1881-ல் வந்தது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரும் அவர் மனைவி மேரியும் 1901-ல் அங்கே நட்டதும் இதே மரம்தான். அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் பீரங்கிக் குண்டு மரம். அவர்கள் பார்த்தது பழத்தை. நம்மவர்கள் பார்த்தது பூவை. ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு இதழ். ஒரு பக்கத்திலிருந்து மகரந்தக் கூட்டம் வளைந்து வந்து படமெடுத்த மாதிரி குடை பிடிக்கும். அதன் கீழே நடுவில் குட்டி லிங்கம். இதைப் பார்த்த பிறகு நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? புராணம் யாரும் எழுதவில்லை, ஆகமத்தில் இடம் கேட்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் பூவைப் பொறுக்கிக்கொண்டுபோய்ச் சன்னதியில் வைத்திருப்பாள், அவ்வளவுதான். இத்தனைக்கும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயை இன்றும் சேர்க்காத மடப்பள்ளிகள் இருக்கின்றன. நைவேத்தியத்துக்கு மிளகுதான். அதே கண்டத்துப் பூவோ நேராக லிங்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது!

இலங்கையில் இதைவிட வேடிக்கை. அங்கே பௌத்தர்கள் இதைச் 'சால்' மரம் என்று விகாரைகளில் வளர்க்கிறார்கள். புத்தர் பிறந்ததும் பரிநிர்வாணம் அடைந்ததும் சால மரத்தடியில் என்பார்கள். அந்தச் சால மரம் வட இந்தியக் காட்டு மரம், இது வேறு. என்னைப் போல அங்கேயும் ஒரு வாத்தியார் இருந்திருப்பார் போல. நம் பக்கத்தில் புதுச்சேரி அரசு இதையே தன் மாநில மலராக வைத்திருக்கிறது.

அந்த மாணவியின் வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்லுகிறேன். வெளியிலிருந்து வந்தது என்பதற்காக வெட்டுவதென்றால் ஊரில் பாதி மரம் மிஞ்சாது. சாலையோரம் பூக்கும் மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. கோயில் வாசல் ஈழத்தலரி மெக்சிகோ பக்கத்து மரம். அவ்வளவு ஏன், நம் திருத்தணியே 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ம.பொ.சி. போன்றவர்களின் போராட்டத்தால் ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது.

ஆனால் அவருக்கு வேறொரு பயம் இருக்கிறது. அதைப் பிறகுதான் சொன்னாள். பழம் விழுந்து ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்துவிட்டதாம். அந்தப் பயம் நியாயமானது. தேங்காயைவிடப் பெரிய காய், ஓடும் கெட்டி. கீழே குழந்தை நின்றால் என்ன ஆவது? வாசலில் வைக்கச் சொன்ன நான்தான் இதற்கும் பொறுப்பு. நடைபாதை, வண்டி நிறுத்துமிடம், கூரை இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி நட வேண்டிய மரம் இது. இப்போது செய்யக்கூடியது, நடக்கிற பக்கத்தில் பிஞ்சு பிடித்ததும் ஆள் வைத்துப் பறித்துவிடுவது. பழம் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷமாகும், அவகாசம் நிறைய உண்டு. வண்டியை இன்றே இடம் மாற்றுங்கள்.

வளர்க்கிறவர்களுக்கு இன்னும் சில. அடிமரத்திலிருந்து குச்சி குச்சியாகத் தொங்குமே, அதில்தான் மொட்டு வரும். காய்ந்த கிளை என்று எங்கள் தெருவில் ஒருவர் மொத்தத்தையும் சுத்தமாகச் செதுக்கிவிட்டார். அடுத்த வருஷம் ஒரு பூ இல்லை. இலை மொத்தமும் உதிர்ந்தால் பட்டுப்போயிற்று என்று பதற வேண்டாம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவைகூட உதிர்க்கும், சில நாளில் துளிர்த்துவிடும். நானும் முதல் தடவை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் பிரியமான மரம்தான், ஆனால் அதற்காக இலை உதிர்க்கவில்லை.

பூ விடியற்காலையில் விரியும், அப்போது போய் நில்லுங்கள், வாசனை தெருமுனை வரை வரும். தேன் கிடையாது. வண்டுக்குக் கூலி மகரந்தம்தான். அதிலும் இரண்டு வகை வைத்திருக்கிறது. படத்தில் இருப்பது வண்டு தின்ன, லிங்கத்தைச் சுற்றி வளையமாக இருப்பது விதை பிடிக்க. வண்டு மேலே மேயும்போது வளையத்து மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

பழத்துக்குள் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். உடைத்தால் நாற்றம் தாங்காது, வீட்டுக்குள் உடைக்காதீர்கள். சதையை அலசிவிட்டு, விதையைக் காயவிடாமல் மணல் கலந்த மண்ணில் போட்டு ஈரம் காத்தால் முளைக்கும். ஒரு முழம் வளர்ந்ததும் நல்ல வெயிலில் நடலாம். எங்கள் வீட்டு மரம் பத்தாம் வருஷம்தான் முதல் பூ விட்டது.

கொல்லையில் இப்போது பதினோரு கன்று பையில் இருக்கிறது. இடம் உள்ளவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தருவேன். அந்த மாணவி நேற்று மறுபடி பேசினாள். மரம் நிற்கிறதாம். வண்டிதான் பக்கத்து வீட்டுத் திண்ணையோரம் போய்விட்டதாம்.