நிலைப்பட்டையில் கிழமைப் பெயர்: எழுத்துக்கும் பொறிக்கும் இடையிலான ஒரு பழைய வழக்கு

திருவனந்தபுரத்தின் வலியசாலை, பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடமாகக் கருதப்படும் பகுதி. அங்குள்ள மகாதேவர் கோயிலும் அதனை ஒட்டிய தமிழ் அக்கிரகாரத் தெருக்களும் அந்த நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்குச் சாலை நிறுவியபோது காந்தளூர் மரபையே முன்மாதிரியாகக் கொண்டான் என்பது அவனது செப்பேட்டால் தெரிகிறது. முதலாம் இராசராசன் இச்சாலையில் 'கலமறுத்த' செய்தியில் கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்னும் விவாதம் ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. அது இங்கு வேண்டியதன்று. வேண்டியது ஒரு சிறு செய்தி: அந்நிலத்தில் அக்காலத்தில் வட்டெழுத்து வழங்கியது. இன்று அதே நிலத்தில் தமிழ் எழுதுவோரின் எழுத்து வேறு. மலையாளம் எழுதுவோரின் எழுத்து வேறு. எழுதும் பொருள் மாறுந்தோறும் எழுத்தின் உருவத்துக்கும் ஒரு நெருக்கடி நேர்ந்திருக்கிறது. ஓலை, செம்பு, அச்சு, தட்டச்சு என்னும் அவ்வரிசையில் இறுதியாக வந்தது கணினித் திரை. அத்திரையிலும் ஒரே ஒரு வரி உயரமே உடைய ஓர் ஓரத்தில் அந்நெருக்கடி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அந்த ஓரத்துக்கு நிலைப்பட்டை, அதாவது ஸ்டேட்டஸ் பார், என்று பெயர். நேரம், கிழமை, மின்கலத்தின் இருப்பு, இணையத் தொடர்பு முதலியவற்றை அது காட்டும். இதன் வரலாறு வரைகலைத் திரைக்கு முற்பட்டது. 24 வரிகள் கொண்ட பழைய எழுத்துமுனையங்கள் சிலவற்றில், ஹீத் எச்-19 போன்றவற்றில், 25ஆம் வரி ஒன்று தனியே இருந்தது. ஏனைய வரிகள் மேலேறிச் சென்றாலும் அது அசையாது நிற்கும். 1987இல் தோன்றிய கனூ ஸ்க்ரீன் என்னும் மென்பொருளில் 'ஹார்டுஸ்டேட்டஸ்' என்றொரு கட்டளை இன்றும் உள்ளது. வன்பொருளிலேயே அமைந்திருந்த அவ்வரியின் பெயர்தான் அது. வன்பொருள் மறைந்து அதன் பெயர் மட்டும் மென்பொருளில் எஞ்சியிருப்பது கல்வெட்டு ஆய்வாளர்க்குப் புதுமையான செய்தியாக இராது.

சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாமல், தரையில் ஓடு பதித்தாற்போலப் பரப்பி வைக்கும் டைலிங் சாளர மேலாளர்களும் இவ்வாறே பழையவை. 1985இல் வெளியான விண்டோஸ் 1.0 இம்முறையையே பின்பற்றியது. அடுத்த பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இதனைக் கைவிட்டது. பொதுப் பயனர் மறந்துபோன இம்முறையை யூனிக்ஸ் வழிவந்த நிரலாளர்கள் மீண்டும் எடுத்துக்கொண்டனர். அன்செல்ம் கார்பே 2006இல் வெளியிட்ட டி.டபிள்யூ.எம்., 2007இல் வந்த எக்ஸ்மோனாட், மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் 2009இல் தொடங்கிய ஐ3 ஆகியன இவ்வகையில் அறியப்பட்டவை. பெரிய திரைமுகப்புகளில் கடிகாரமும் அறிவிப்பும் ஆயத்தமாகக் கிடைக்கும். இவற்றிலோ நிலைப்பட்டையைப் பயனரே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்வதில் ஒரு பெருமிதமும் உண்டு.

டி.டபிள்யூ.எம். இதற்குக் கொண்ட வழி எளிமைக்குப் பேர்போனது. எல்லாச் சாளரங்களுக்கும் அடியில் கிடக்கும் வேர்ச்சாளரத்துக்கு ஒரு பெயர்ப் பண்பு உண்டு. அப்பெயராக எதனை எழுதினாலும் பட்டையின் வலப்பக்கத்தில் அது தோன்றும். நொடிக்கொரு முறை தேதியைப் பெயராக எழுதும் நான்கு வரி ஷெல் நிரல் போதும்; கடிகாரம் ஆயிற்று. மூலநிரல் 2000 வரியைத் தாண்டக்கூடாது என்பது அத்திட்டத்தின் நெறி. தனி அமைவுக்கோப்பும் கிடையாது. எழுத்துருவை மாற்றக்கூட நிரலைத் திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். ஐ3யில் வேலை இரண்டாகப் பிரிகிறது: ஐ3ஸ்டேட்டஸ் செய்திகளைத் திரட்டி வரிவரியாக அனுப்பும், ஐ3பார் அவற்றை வரையும். 2016இல் தோன்றிய பாலிபார் எந்தச் சாளர மேலாளருடனும் பொருந்துமாறு தனித்து இயங்குவது. தொகுதி தொகுதியாக அடுக்கிக்கொள்ளும் அமைவுக்கோப்பும் நிற வேலைப்பாடும் அதனைப் பரவச் செய்தன.

இனித் தமிழுக்கு வருவோம். கணினியின் வட்டார அமைவைத் தமிழாக்கி, பட்டையில் கிழமைப் பெயரை இட்டால் என்ன நேரும்? எழுத்தை வரைய எக்ஸ்எஃப்டி நூலகத்தை மட்டும் நம்பும் பட்டையில் செவ்வாய்க்கிழமை உடைந்துபோகும். யூனிகோடில் சகரம் முதலிலும் எகரக் குறியான ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னும் சேமிக்கப்படுகின்றன; திரையில் கொம்பு முன்னே வரவேண்டும். இடமாற்றம் செய்ய ஆளில்லாததால் கொம்பு சகரத்துக்குப் பின்னேயே நின்று, படிப்பவர் கண்ணில் அடுத்த வகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கும் இதே கதி. ஞாயிற்றின் இறுதி றுகரமும் புதனின் முதலெழுத்தும் தத்தம் கூட்டுருவை இழக்கும். திங்களிலும் வியாழனிலும் புள்ளி, எழுத்துருவைப் பொறுத்து, தலைமேல் அமராது விலகி நிற்கலாம். ஏழு நாள்களில் சனி ஒன்றே ஏறத்தாழ முழுமையாகத் தப்பும்.

இதில் தமிழ்க் குறியேற்ற வரலாற்றின் முரண் ஒன்று அடங்கியுள்ளது. 1990களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி, எழுத்துருக்களைக் கண்ணில் படும் வரிசையிலேயே சேமித்தது. தமிழக அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களும் வடிவம் சார்ந்தவையே. இவ்வெளிய பட்டையில் அவை பிழையின்றித் தெரிந்திருக்கும். இஸ்கியின் வழிவந்த யூனிகோடு ஒலிவரிசையைக் கொண்டது; அகரவரிசைப்படுத்தலுக்கும் தேடலுக்கும் அது நன்று. ஆனால் வரையும் பொறுப்பு மென்பொருளின் தலையில் விழுந்தது. தாய் மொழியினர் யூனிகோடிலும் காட்சிவரிசையையே காத்துக்கொண்டதால் அவர்களின் முன்னொட்டு உயிர்க்குறிகளுக்கு இச்சிக்கல் இல்லை. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி தரும் டேஸ்-16 முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றபோது அதன் ஆதரவாளர்கள் முன்வைத்த வாதங்களுள் இதுவும் ஒன்று. ஒரு வரிப் பட்டையை மட்டும் கண்டால் அவர்கள் வாதம் வென்றதாகவே தோன்றும். உலக வழக்கிலிருந்து விலகி நிற்பதன் விலையையும் சேர்த்து எண்ணினால் அவ்வாறு தோன்றாது.

எழுத்து பொறிக்கு இணங்குவதா, பொறி எழுத்துக்கு இணங்குவதா என்னும் இவ்வழக்கு திருவனந்தபுரத்துக்கு நன்கு பழகியது. 1971இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியதற்குத் தட்டச்சும் அச்சும் காரணங்களாயின. உகரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிக்கப்பட்டன; கூட்டெழுத்துகள் பல கலைக்கப்பட்டன. 1978இல் தமிழக அரசு பெரியார் வழியில் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றை மாற்றியதும் இதே காலத்தின் போக்கு. எனினும் தமிழின் இழப்பு சிறிது, மலையாளத்தின் இழப்பு பெரிது. கணினி வந்தபின் அவ்விழப்புக்குக் காரணமில்லை என்று கூறி 1999இல் எழுந்தது 'ரசன' இயக்கம். கேரள பாஷா இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஆர். சித்ரஜகுமாரும் எழுத்துரு வடிவமைப்பாளர் கே.எச். ஹுசைனும் அதன் முன்னோடிகள். 900க்கும் மேற்பட்ட வடிவங்களுடன் பழைய எழுத்து மீண்டது. பின்னர் அவ்வெழுத்துரு கட்டற்ற உரிமத்தில் வெளியாயிற்று. 2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்நகரில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு சுதந்திர மலையாளக் கணினியியல் குழு உருவாயிற்று. எழுத்துருக்களை உருவாக்கியதோடு அமையாது, அவற்றை வரையும் நிரல்களின் பிழைகளையும் திருத்தும் பணியில் அக்குழுவினர் இறங்கினர். இதுவே இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

அவ்வரைநிரல்களுள் முதன்மையானவை இரண்டு. ஓவன் டெய்லர் தொடங்கிய பாங்கோ, 2002இல் ஜிடிகே 2 வழியாக க்னோம் திரைமுகப்பை அடைந்தது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் வளர்த்த ஹார்ஃப்பஸ் பின்னர் அதன் அடித்தளமாயிற்று. பெரிய திரைமுகப்பின் மேற்பட்டையில் செவ்வாய் செவ்வாயாகவே தெரிவதற்கு இவை காரணம். கேரளப் பள்ளிகளில் கனூ/லினக்ஸ் பயிலும் தமிழ்வழி மாணவருக்கு, தமிழிலும் அச்சாகும் தகவல் தொழில்நுட்பப் பாடநூலைக் கையில் வைத்திருக்கும் அம்மாணவருக்கு, இச்சிக்கல் கண்ணில் படுவதே அரிது. அவர் வளர்ந்து, பிறர் செய்துவைத்த திரைமுகப்பை விடுத்துத் தமக்கென ஒன்றைக் கட்டத் தொடங்கும்போதுதான் அது எதிர்ப்படும். கட்டற்ற மென்பொருள் தரும் சுதந்திரத்தை மிகுதியாகப் பயன்படுத்துபவருக்கே தம் எழுத்து உடைந்து கிடைக்கிறது.

ஆதலால் தமிழ்ப் பயனருக்கு நிலைப்பட்டையைத் தேர்வதில் நிறமும் குறும்படமும் பிற்பட்டவை. அது எதனைக் கொண்டு எழுத்தை வரைகிறது என்பதே முதற் கேள்வி. ஐ3பாரில் எழுத்துருவின் பெயருக்கு முன் 'பாங்கோ' என்னும் சொல்லை முன்னொட்டாக இட்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழைக் குறிப்பிட்டால் போதும். ஐ3ஸ்டேட்டஸ் வட்டார அமைவிலிருந்து கிழமைப் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். வேலண்டு நெறிமுறைக்கு மாறியோர்க்கு ஸ்வேயும் வேபாரும் உள்ளன. வேபார் ஜிடிகேயின் மேல் அமைந்தது. அதன் கடிகாரத் தொகுதிக்குத் தனி வட்டார அமைவும் தரலாம், தோற்றத்தை வலைப்பக்கம்போல நடைத்தாளால் மாற்றலாம். பாலிபார் பாங்கோவைச் சார்ந்ததன்று. அதன் அழகில் மயங்கியோர் கிழமையை எண்ணாலோ ஆங்கிலத்தாலோ காட்டிக்கொள்வதே நடைமுறை.

டி.டபிள்யூ.எம். 2015இன் 6.1 பதிப்பில் எக்ஸ்எஃப்டியை ஏற்றது. அதற்கு மேல் செல்லவில்லை. எழுத்துக்கோப்பு நூலகம் ஒன்றைச் சேர்ப்பது சிறுமையைக் காக்கும் அதன் நெறிக்கு ஒவ்வாது என்பது விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயினும் எது இன்றியமையாதது, எது மிகை என்று வரையறுத்த அந்தக் கணக்கு, சேமித்த வரிசையிலேயே வரைந்தால் போதுமான எழுத்துகளை வைத்துப் போடப்பட்டது. பாங்கோவை இணைக்கும் திருத்தம் ஒன்று முதன்மை மூலநிரலுக்கு வெளியே கிடைக்கிறது. ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் அதனைப் பயனரே மீண்டும் பொருத்திக்கொள்ள வேண்டும்.