கொறித்தலின் கணக்கு: எடைக்குறைப்பு அறுவைக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் உணவொழுங்கை மீட்டல்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் வேகமாக இறங்கி, ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்ல ஏறத் தொடங்குகிறது. இதற்கு நீண்டகாலச் சான்று 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வு. அதில் அறுவை செய்துகொண்டோர் 2010 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் 2037 பேர். இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை பொருத்திக்கொண்டவர்களிடம் 20 விழுக்காடு 14 ஆயிற்று. அமெரிக்காவின் யூட்டாவில் பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டும் சராசரி இழப்பு இரண்டாம் ஆண்டில் 45 கிலோ, ஆறாம் ஆண்டில் 36 கிலோ, பன்னிரண்டாம் ஆண்டில் 35 கிலோ.

இந்த எண்களிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்புவதில்லை. ஒரு பகுதி திரும்புவது இயல்பு. முதல் செய்தியை அறுவைக்கு முன்பே எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர் குறைவு. அதனால் ஐந்தாறு கிலோ ஏறியதும் "எல்லாம் போச்சு" என்று நினைத்து, மருத்துவரைப் பார்க்கவே கூசி, தொடர்சிகிச்சையிலிருந்து விலகிவிடுபவர்கள் பலர். உதவி மிகவும் தேவைப்படும் கட்டத்தில் உதவி அறுந்துபோகிறது. திரும்பி வருபவரிடமும் "கட்டுப்பாடு இல்லை" என்ற பேச்சே முதலில் எழுகிறது. அந்தப் பேச்சு பிழையானது என்பதும், பிசகியது பெரும்பாலும் உண்ணும் முறையே, மன உறுதி அன்று என்பதும், அந்த முறையைத் தமிழ்நாட்டு உணவுப் பழக்கத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் சரிசெய்ய முடியும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

அறுவை எதை மாற்றுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மட்டும் மிஞ்சுகிறது. பைபாஸில் ஒரு சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கப்படுகிறது. கொள்ளளவு குறைவது ஒரு பாதி. மறுபாதி சுரப்பிகளின் வேலை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். ஸ்லீவில் அப்பகுதிதான் வெட்டி எடுக்கப்படுகிறது. குடலில் சுரந்து நிறைவுணர்வு தரும் ஜி.எல்.பி.-1 போன்றவை அறுவைக்குப் பின் கூடுகின்றன. முதல் ஆண்டில் பலர் "பசியே தெரியவில்லை" என்பது இதனால்தான். பின்னர் பசி திரும்புகிறது. நாலைந்து கரண்டியோடு நின்ற வயிறு ஒரு கிண்ணம், ஒன்றரைக் கிண்ணம் கொள்கிறது. உடல் சிறுத்ததால் அது செலவிடும் ஆற்றலும் குறைந்திருக்கிறது. இவற்றில் எதுவும் நோயாளியின் குற்றமன்று.

கொள்ளளவுக் கட்டுப்பாடு திட உணவிடம் மட்டுமே செல்லும் என்பது அடுத்த உண்மை. மென்று விழுங்கிய மீனோ முட்டையோ சுண்டலோ குழாயில் தங்கி, சில வாய்களிலேயே போதும் என்ற உணர்வைத் தருகிறது. இனிப்புக் காபி, ஐஸ்கிரீம், வாயிலேயே கரையும் பிஸ்கட், எண்ணெயில் பொரித்துப் பொடியாகும் மிக்சர் ஆகியவை தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. அறுவை எழுப்பிய சுவரில் உள்ள வாசல் இது. ஆண்டுகள் செல்லச் செல்ல உணவு இந்த வாசல் பக்கம் நகர்வதுதான் பெரும்பாலான எடையேற்றத்தின் கதை.

ஆனால் அந்த நகர்வுக்கும் காரணம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்லீவ் குழாய் ஓரிடத்தில் குறுகியிருந்தால் கோழிக்கறியும் சப்பாத்தியும் நெஞ்சில் நின்று வலிக்கும், வாந்தியாகும். ஐஸ்கிரீம் சுகமாக இறங்கும். அப்படிப்பட்டவர் இனிப்புக்கு அடிமையானவராகத் தோன்றுவார். உண்மையில் அவருக்குத் தேவை எண்டோஸ்கோபி. பைபாஸில் சிறு பைக்கும் ஒதுக்கிவைத்த இரைப்பைக்கும் இடையே வழி உண்டாகலாம். பட்டை பொருத்தியவர்களிடம் அது நழுவலாம். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், மகப்பேறு, மாதவிடாய் நிற்றல் ஆகியவையும் எடையை ஏற்றும். இவற்றை ஆராயாமல் உணவுத் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அரைகுறை வைத்தியம்.

இவை விலக்கப்பட்ட பின் எஞ்சுவது உண்ணும் முறை. திட்டமின்றி, பசியைப் பாராமல், சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்ப உண்பதை எடைக்குறைப்பு அறுவை பற்றிய ஆய்வுகள் தனி நடத்தையாக வரையறுத்துள்ளன. தமிழில் அதற்குக் கொறித்தல் என்ற பொருத்தமான சொல் முன்பே இருக்கிறது. சிக்கலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. தமிழர் பேச்சில் கொறிப்பது சாப்பிடுவதாகாது. சாப்பாடு என்றால் பெரும்பாலும் சோறு, காலையும் இரவும் டிபன். காபி என்பது குடிப்பது; முறுக்கும் மிக்சரும் "சும்மா வாயில் போடுவது". "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் வருவது சோற்றின் கணக்கும் டிபனின் கணக்கும் மட்டும். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. கேள்வியில் உள்ள சொல்லே மற்றவற்றை வெளியே நிறுத்திவிடுகிறது.

ஸ்லீவ் செய்து ஆறு ஆண்டுகளான ஒரு குடும்பத் தலைவியின் நாளை எடுத்துக்கொள்ளலாம். காலை ஆறுக்கு ஒரு காபி. பிள்ளை தட்டில் விட்டுப்போன முக்கால் இட்லி, வீணாக்க மனமில்லாமல் நின்றபடியே வாயில். பதினொன்றுக்கு மறுபடி காபி. மதியம் இரண்டு கரண்டி சாதம், குழையப் பிசைந்து, சாம்பாரும் ரசமுமாக. நாலு மணிக்குக் காபி, டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி மிக்சர். டப்பா மேசையிலேயே இருக்க, போகும்போதும் வரும்போதும் இன்னும் கொஞ்சம். இரவு ஒரு தோசை. கேட்டால் "ரெண்டு கரண்டி சாதம், ஒரு தோசைதான் சாப்பிடுகிறேன், எப்படி ஏறுகிறதென்றே தெரியவில்லை" என்பார். அது உண்மையான திகைப்பு. நூறு மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த காபி ஏறக்குறைய 100 கலோரி; மூன்று காபி 300. முப்பது கிராம் மிக்சர் 150க்குக் குறையாது. இந்த 450 கலோரியும் வயிற்றை ஒரு நிமிடம்கூட நிறைக்கவில்லை. கலோரியோடு ஒப்பிட்டால் அதில் புரதமும் குறைவு. இரண்டு அவித்த முட்டையில் 140 கலோரிதான். புரதம் 12 கிராம். அடுத்த சில மணி நேரம் பசி அடங்கியிருக்கும்.

கொறித்தலுக்குப் பின்னால் உடலின் குரலும் இருக்கலாம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பைபாஸ் செய்தவர் இனிப்பு உண்டால் சர்க்கரை விரைந்து ஏறி, இன்சுலின் மிகுந்து சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். அதைப் பசி என்று எண்ணி ஒரு பிஸ்கட்டோ மிட்டாயோ போட்டால் அதே சுழல் மறுபடி தொடங்கும். இரும்புச்சத்துக் குறைவு இன்னொன்று. பச்சரிசியை அள்ளி மெல்லுவதும் ஐஸ்கட்டியைக் கடிப்பதும் சோகையின் அறிகுறிகள் என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் அறிவர். அறுவைக்குப் பின் இரும்பு உறிஞ்சப்படுவது குறைகிறது. தொடர்ந்து எடுக்க வேண்டிய சத்து மாத்திரைகள் பலரிடம் மூன்றாம் நான்காம் ஆண்டில் தாமாகவே நின்றுபோகின்றன. அரிசி கொறிக்கும் பெண்ணுக்கு அறிவுரையைவிட ரத்தப் பரிசோதனை முதன்மையானது.

எடை ஏறியவர்கள் முதலில் நாடுவது, அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் இருந்த திரவ உணவுக்கே ஐந்தாறு நாள் திரும்பிப்போவது. இரைப்பைப் பையை "ரீசெட்" செய்வதாக இது பரப்பப்படுகிறது. இதை ஏற்பதற்கில்லை. அந்தத் திரவ உணவு வெட்டித் தைத்த இடம் ஆறுவதற்காகத் தரப்பட்டது; எடை குறைக்க வகுக்கப்பட்டதன்று. தளர்ந்த இரைப்பை ஐந்து நாள் கஞ்சியால் சுருங்குவதில்லை. அந்நாட்களில் குறையும் எடையின் பெரும்பகுதி உடலில் சேர்ந்திருந்த நீர். மேலும், அறுவையின் கட்டுப்பாடு திடத்திடமே செல்லும் என்றிருக்க, திரவத்துக்குத் திரும்புவது அந்தக் கட்டுப்பாட்டையே கைவிடுவதாகும். வாந்தியும் சேர்ந்து, மாத்திரையும் இல்லாமல் இப்படிப் பட்டினி கிடந்தால் தயமின் குறைந்து, மூளையையும் நரம்புகளையும் தாக்கும் ஆபத்தும் உண்டு.

மீட்சி தொடங்க வேண்டிய இடம் நேரம். மூன்று வேளை, தேவையானால் திட்டமிட்ட ஒரு மாலை உணவு. உட்கார்ந்து, இருபது நிமிடத்துக்குக் குறையாமல். வேளைகளுக்கு இடையே தண்ணீரும் சர்க்கரையில்லாத பானமும் மட்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் நாள் முழுக்கச் சிதறிக்கிடந்த உணவை நான்கு இடத்தில் குவிப்பது உணவைக் குறைப்பதைவிடக் கடினமான வேலை. சில வாரங்கள் பிடிக்கும். இந்தக் கட்டத்தில் அளவைக் குறைக்கச் சொல்லாமல் இருப்பதே நல்லது. வேளைக்குப் போதுமான அளவு உண்ணாதவர் நாலு மணிக்கு டப்பாவைத் திறந்தே தீருவார்.

அடுத்தது தட்டின் வரிசை. அறுவை செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. ஓர் இட்லியில் இரண்டு கிராம் அளவே இருக்கிறது. சோறு, சாம்பார், ரசம், மோர் என்ற வரிசையில் உண்டால் சிறிய வயிறு சாம்பார் சாதத்திலேயே நிறைந்துவிடும்; புரதத்துக்கு இடமே இராது. வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் மீனோ முட்டையோ பனீரோ கெட்டியான பருப்போ, அடுத்துப் பொரியல், கடைசியில் இடமிருந்தால் சோறு. நூறு கிராம் மீனில் 20 கிராம் புரதம். நூறு கிராம் பனீரில் 18. வேகவைத்த கொண்டைக்கடலையில் 8 அல்லது 9. உலர்ந்த மீல்மேக்கர் 25 கிராமில் 13. சைவ உணவிலும் 60 கிராமை எட்டலாம், திட்டமிட்டால். மாலை மிக்சரின் இடத்துக்குச் சுண்டலைவிடப் பொருத்தமான உணவு வேறெங்கிருந்தும் வர வேண்டியதில்லை. மெல்ல வேண்டும், தங்கும், புரதமும் உண்டு. காலைத் தோசைக்குப் பதில் அடையும் அப்படியே. ரசத்தையும் மோரையும் சோற்றிலிருந்து பிரித்து, உண்டு அரைமணி கழித்துத் தனியே குடிக்கலாம். உணவோடு நீர் கூடாது என்ற விதிக்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. எனினும் குழைந்த ரசம் சாதம் வழுக்கி இறங்கும் உணவு என்பதால் நம் சமையலில் அதைக் கடைப்பிடிப்பது நியாயமே.

வீட்டாரின் பங்கும் சிறிதன்று. பந்தியில் "என்னம்மா, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறே" என்று இலையில் இன்னொரு கரண்டி விழுகிறது. பிள்ளையின் மிச்சத்தைத் தாய் உண்ண வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருக்கிறது. உணவு ஆலோசனை நோயாளியோடு முடிந்துவிடாமல், சமைப்பவரையும் பரிமாறுபவரையும் ஒருமுறையாவது உட்காரவைத்துப் பேச வேண்டும்.

அளவு சிறிதே ஆனாலும், நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு உண்பது வேறு வகை. இது எடையேற்றத்தோடு தொடர்புடையது. உளவியல் சிகிச்சைக்கு உரியது. உணவுப் பட்டியலால் தீராதது. மதுவும் தனிக் கவனம் வேண்டுவது. பைபாஸுக்குப் பின் மது ரத்தத்தில் விரைவாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு உள்ளவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 விழுக்காடு, அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடு.

உண்ணும் முறையைச் சீராக்கியும் பசி அடங்காதவர்களுக்கு மருந்து உண்டு. லண்டனில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் எடை போதிய அளவு குறையாத 70 பேருக்கு 24 வாரம் லிராகுளுட்டைடு ஊசியோ மருந்தற்ற ஊசியோ தரப்பட்டது. மருந்து பெற்றவர்களிடம் எடை ஏறக்குறைய 9 விழுக்காடு குறைந்தது. மற்றவர்களிடம் மாற்றம் அரை விழுக்காடு அளவே. 2025இல் டிர்செபடைடும் செமாகுளுட்டைடு ஊசியும் இந்தியச் சந்தைக்கு வந்ததால் மருந்தை நாடலாமா என்ற கேள்வி இங்கும் எழுந்துள்ளது. மருந்தை நாடுவது தோல்வியாகாது. ஆனால் பசி அடங்கும்போது புரதமும் குறைந்துவிடும் என்பதால் மேற்சொன்ன தட்டு வரிசை அப்போது இன்னும் அவசியமாகிறது. ஸ்லீவை பைபாஸாக மாற்றும் மறு அறுவை, கடுமையான நெஞ்செரிச்சலோ அமைப்புக் கோளாறோ உள்ளவர்களுக்குப் பொருந்தும். கொறித்தலைத் தீர்க்காமல் செய்தால் புதிய இரைப்பையிலும் மிக்சர் அதேபோல் வழுக்கி இறங்கும்.

தொடர்சிகிச்சையில் மாற வேண்டிய முதல் பொருள் கேள்வி. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்பதை விட்டு, "நேற்று எழுந்தது முதல் படுக்கும் வரை வாயில் பட்டது எல்லாம் சொல்லுங்கள், காபி, தட்டில் மிஞ்சியது, ருசி பார்த்தது உட்பட" என்று கேட்க வேண்டும். விருந்து நாளொன்றும் அடங்கும்படி மூன்று நாள் குறிப்பை நோயாளியே நேரத்தோடு எழுதிவந்தால், எந்த மணியில் ஓட்டை இருக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரிந்துவிடும். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, அறுவை நடந்து எத்தனை ஆண்டு ஆனாலும் பார்க்க வேண்டும்.