முள்ளந்தண்டுப் பக்கவளைவுச் சத்திரசிகிச்சையின் கணினி மாதிரி

ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவளைவு நோயில் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலேயே முறுக்கியும் கொள்கிறது. வளைவை அளக்க அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப் 1948இல் வகுத்த கோணமே இன்றும் வழக்கில் உள்ளது. அது 10 பாகையைத் தாண்டினால் நோய் என்பர். வளரும் பிள்ளைகளில் 45, 50 பாகையை எட்டினால் சத்திரசிகிச்சை பற்றி யோசிப்பர். முள்ளென்புகளில் திருகாணிகளை இறக்கி, அவற்றை இரண்டு உலோகக் கோல்களோடு பிணைத்து நிமிர்த்துவதே இன்றைய முறை. எந்த என்பில் எவ்வளவு விசை விழும், முதுகு எந்த அளவுக்கு நிமிரும் என்பதைக் கத்தி வைப்பதற்கு முன்பே கணித்துப் பார்க்க உதவுவது கணினி மாதிரி.

ஹூஸ்டனில் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளைப் பார்த்துவந்த போல் ஹாரிங்டன், வளைவின் இரு முனைகளையும் கொக்கியிட்டு விலக்கும் கோலை 1950களில் உருவாக்கி, 1962இல் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கோல் முதுகில் செய்யும் வேலையை ஆய்வாளர்கள் ஆல்பர்ட் ஷூல்ட்ஸும் கார்ல் ஹிர்ஷும் 1973இல் கணிதமாக எழுதினர். இந்தத் துறையின் தொடக்கம் அங்கேதான்.

அதன் பின் வைட், பஞ்சாபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டிய கணக்கு தாளிலேயே போட்டுப் பார்க்கக்கூடியது. வளைந்த முதுகை, நடுவில் மூட்டுள்ள இரண்டு சம நீளத் தண்டுகளாகக் கொள்ளுங்கள். இரு முனைகளையும் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் மூட்டை நிமிர்த்தும் திருப்புதிறன், வளைவுக் கோணத்தில் பாதியின் சைன் மதிப்பைப் பொறுத்தது. அதே விசையை மூட்டின் மேல் பக்கவாட்டில் கொடுத்தாலோ, அது அந்தப் பாதிக் கோணத்தின் கோசைன் மதிப்பில் பாதியைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 53 பாகை. 80 பாகை வளைவில் இழுப்பது ஒன்றரை மடங்குக்கு மேல் பயன் தரும். 20 பாகையில் பக்கவாட்டு விசை ஏறத்தாழ மூன்று மடங்கு பயன் தரும். ஆகவே இழுக்கும் கோல், முதுகு நிமிர நிமிரத் தன் பலனை இழக்கிறது. விசையின் அளவைவிட அதன் திசை எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கணக்கு இத்துறையில் அரிது.

இன்றைய மாதிரிகள் இரு வகை. ஒன்றில் என்பும் இடைவட்டும் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரிக்கப்படுகின்றன. மற்றதில் முள்ளென்புகள் வளையாத திண்மங்கள். இடைவட்டுகளும் என்புகளைப் பிணைக்கும் இணையங்களும் விற்சுருள்கள். கனடாவின் மொன்றியலில் கார்ல்-எரிக் ஓபானின் குழு இரண்டாம் வகையைக் கொண்டு சத்திரசிகிச்சைத் திட்டமிடலுக்கான மென்பொருளை உருவாக்கியது. முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து நோயாளியின் முதுகை முப்பரிமாணத்தில் கட்டுவர். பிறகு அவர் இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்து எடுத்த படங்களோடு ஒத்துவரும்வரை விற்சுருள்களின் விறைப்பை மாற்றுவர். மாதிரியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. பொதுவான விறைப்பைப் போட்டு ஓட்டினால் வருவது யாரோ ஒருவரின் முதுகு. அதன்பின் கோலின் பொருள், தடிப்பு, திருகாணிகளின் எண்ணிக்கை, கோலைச் சுழற்றும் அளவு என ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்க்கலாம். கோபால்ட்-குரோமியக் கோலின் விறைப்பு டைட்டேனியத்தினதைவிட இரு மடங்கு; அது கூடுதலாக நிமிர்த்தும், திருகாணியையும் கூடுதலாக இழுக்கும். ஒரே நோயாளிக்கு அனுபவமிக்க வைத்தியர்கள் வெவ்வேறு திட்டங்களைத் தீட்டுவதை மொன்றியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய திட்டங்களை ஒப்பிட, நோயாளிக்குத் தீங்கில்லாத களம் இது ஒன்றே.

எவ்வளவு நல்ல திட்டமானாலும் திருகாணி உரிய இடத்தில் இறங்கினால்தான் விசை என்பைச் சேரும். இதில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழு செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 33 நோயாளிகளின் மார்பு முள்ளென்புகளில் 478 திருகாணிகள் இறக்கப்பட்டன. வழமையான முறையில் 23 சதவீதத் திருகாணிகள் என்புச் சுவரைத் துளைத்து வெளியேறின. கணினி வழிகாட்டலில் 2 சதவீதம் மட்டுமே.

மாதிரிக்கு எட்டாதவையும் உண்டு. எக்ஸ்ரேக்கு நிற்கும் பிள்ளையின் தசைகள் விழிப்போடு இருக்கின்றன. மேசையில் மயக்கத்தில் கிடக்கும்போது அவை தளர்ந்துவிடுகின்றன. இடைவட்டுகளும் விசை நீடிக்கும் நேரத்திற்கேற்ப இளகிக்கொடுக்கும். எல்லாவற்றையும்விட, நிமிர்த்தும்போது முண்ணாணும் அதன் குருதிக்குழாய்களும் எவ்வளவு தாங்கும் என்பதைத் திட்டமிடல் மென்பொருள் கணிப்பதில்லை. அதனால் மேசையிலேயே நரம்புச் சமிக்ஞைகளைத் தொடர்ந்து கண்காணிக்கின்றனர். ஐயம் எழுந்தால், பிரெஞ்சு வைத்தியர் ஸ்தான்யாராவும் உடன் ஆய்ந்தோரும் 1973இல் விவரித்தபடி, மயக்கத்தைக் குறைத்து நோயாளியைக் கால் விரல்களை அசைக்கச் சொல்கின்றனர்.