எக்ஸ்எம்எல் படிவங்கள் - ஜெயித்ததா, தோற்றதா?

இணையத்தில் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பிறந்த தேதிப் பெட்டியில் 31-02-1985 என்று அடித்தால் என்ன ஆகும்? இன்றைய உலாவியில் அப்படி அடிக்கவே முடியாமல் போகலாம். 1990களில் அந்தப் பெட்டி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பிப்ரவரி 31 இருந்தாலும் சரி, தேதிக்குப் பதில் "தெரியாது" என்று இருந்தாலும் சரி. அந்தப் பழைய பெட்டிக்குப் புத்தி புகட்ட நடந்த முயற்சிகளில் மிகப் பெரியது எக்ஸ்எம்எல் படிவங்கள். அது வென்றதா, தோற்றதா என்ற கேள்விக்கு இன்றும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

வெறும் பெட்டிகளின் காலம்

1993-ல் டேவ் ரேகெட் எழுதிய எச்டிஎம்எல்+ வரைவில் படிவங்கள் இடம்பெற்றன. அதே ஆண்டில் மொசைக் உலாவியும் படிவங்களைக் காட்ட ஆரம்பித்தது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 அவற்றை முறையான தரமாக்கியது. ஒரு வரி எழுதும் பெட்டி, பல வரி எழுதும் பெட்டி, தேர்வுப் பட்டியல், பொத்தான். அவ்வளவுதான்.

இந்தப் படிவம் சர்வருக்கு அனுப்பியது வெறும் "பெயர் = மதிப்பு" ஜோடிகளை. வயது என்றால் 20, ஊர் என்றால் மதுரை. இதில் 20 என்பது எண், மதுரை என்பது எழுத்து என்ற வித்தியாசமே படிவத்துக்குத் தெரியாது. எல்லாமே எழுத்துச் சரம்தான். ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, வகுப்பு என்று அடுக்கடுக்கான தகவலைத் தட்டையான ஜோடிகளாக அனுப்பி, சர்வரில் மறுபடி அடுக்க வேண்டும்.

1995 இறுதியில் ஜாவாஸ்கிரிப்ட் வந்ததும் சரிபார்க்கும் வேலை அதன் தலையில் விழுந்தது. ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு சரிபார்ப்பு நிரல் எழுதியது. அதையே சர்வரில் வேறு மொழியில் இன்னொரு முறை எழுத வேண்டும், ஏனென்றால் உலாவியிலிருந்து வருவதை அப்படியே நம்ப முடியாது. ஒரே விதி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் குழப்பம். படிவத்தின் தோற்றம், விதி, தகவல் மூன்றும் ஒரே பக்கத்தில் பின்னிக் கிடந்தன.

எக்ஸ்எம்எல் குடும்பம்

1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் 1.0 டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது. டிம் ப்ரே, ஜான் பாவ்லி, மைக்கேல் ஸ்பெர்பெர்க்-மெக்வீன் ஆகியோர் அதன் பதிப்பாசிரியர்கள். அடுத்த சில வருடங்களில் அதன் உறவுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

1999 நவம்பர் 16 அன்று எக்ஸ்எஸ்எல்டி, எக்ஸ்பாத் இரண்டும் ஒரே நாளில் வந்தன. எக்ஸ்பாத் என்பது ஆவணத்துக்குள் ஒரு இடத்தைச் சுட்டும் முகவரி. எக்ஸ்எஸ்எல்டி என்பது உருமாற்றும் ஸ்டைல்ஷீட். ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை உள்ளே கொடுத்தால், அதை எச்டிஎம்எல் பக்கமாக வெளியே தரும்.

2001 மே மாதம் எக்ஸ்எம்எல் ஸ்கீமா வந்தது. ஸ்கீமா என்பது தகவலுக்கான சட்டப் புத்தகம். இந்த இடத்தில் தேதிதான் வர வேண்டும், இங்கே 0 முதல் 100 வரையுள்ள முழு எண், இந்தப் பகுதி மூன்று முறைக்கு மேல் வரக்கூடாது என்று எழுதி வைக்கலாம். 03/04/2003 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. ஸ்கீமாவின் தேதி வகையில் அந்தச் சண்டையே கிடையாது. 2003-04-03 என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது ஒரு யோசனை தோன்றுவது இயல்பு. தகவலின் சட்டம் ஸ்கீமாவில் இருக்கிறது. காட்டும் விதம் ஸ்டைல்ஷீட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் படிவம் தானாக வந்துவிடாதா?

பாதிதான் வரும். இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, ஸ்கீமா 1.0-ஆல் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாகச் சோதிக்க முடியும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. விடுப்பு முடியும் தேதி தொடங்கும் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும் என்று அதில் சொல்ல வழியில்லை. இரண்டாவது, எக்ஸ்எஸ்எல்டி ஒருவழிப் பாதை. எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல்லாக மாற்றிக் காட்டிவிடும். பயனர் அந்தப் பக்கத்தில் எதையாவது அடித்தால், அது மூல ஆவணத்தின் எந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இந்தச் சிக்கல்களுக்கு இரண்டு தரப்பினர் விடை கண்டார்கள். இரண்டு விடைகளும் ஒரு வார இடைவெளியில் வெளிவந்தன என்பதுதான் வேடிக்கை.

2003 அக்டோபர்

2003 அக்டோபர் 14 அன்று டபிள்யூ3சி எக்ஸ்பார்ம்ஸ் 1.0 தரத்தை வெளியிட்டது. அக்டோபர் 21 அன்று மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2003 வெளியானது. அதில் இன்ஃபோபாத் என்ற புதிய மென்பொருள் இருந்தது.

எக்ஸ்பார்ம்ஸ் படிவத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்று மாதிரி, அதாவது தகவலும் அதன் விதிகளும். மற்றொன்று திரையில் தெரியும் கட்டுப்பாடுகள். தகவல் வகைகளை ஸ்கீமாவிலிருந்து எடுத்துக்கொண்டது. ஸ்கீமா சொல்ல முடியாததை எக்ஸ்பாத் விதிகளால் சொன்னது. இது கட்டாயமா, இது இந்த நபருக்குப் பொருந்துமா, இதன் மதிப்பைக் கணக்கிட வேண்டுமா, இதற்கு என்ன நிபந்தனை என்று நான்கைந்து சொற்களில் பெரும்பாலான படிவ விதிகள் அடங்கிவிட்டன. "திருமணமானவர்" என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் துணைவர் பெயர் கேட்கும் பெட்டி தோன்றும். ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. எக்ஸ்பார்ம்ஸில் "ரேடியோ பொத்தான்" என்ற சொல்லே கிடையாது. "பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு" என்றுதான் இருக்கும். அதைத் திரையில் பொத்தானாகக் காட்டுவதோ, பட்டியலாகக் காட்டுவதோ, குரலில் வாசிப்பதோ கருவியின் விருப்பம். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பெயர்ச்சீட்டு கட்டாயம். அந்தத் தரத்தின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் டி.வி. ராமன். பதினான்கு வயதில் பார்வை இழந்தவர். மும்பை ஐஐடியில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எமாக்ஸ்பீக் என்ற பேசும் கணினிச் சூழலை உருவாக்கியவர். பெட்டி எங்கே இருக்கிறது என்பது பார்க்கிறவருக்கு மட்டுமே உதவும். பெட்டி என்ன கேட்கிறது என்பது எல்லோருக்கும் உதவும். எக்ஸ்பார்ம்ஸ் இந்த இரண்டாவது பக்கம் நின்றது.

இன்ஃபோபாத் வேறு வழியில் போனது. அதன் பின்னணியில் இருந்தவர் எக்ஸ்எம்எல் 1.0-ன் பதிப்பாசிரியர்களில் ஒருவரான அதே ஜான் பாவ்லி. இன்ஃபோபாத் படிவக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஸ்கீமா, ஒரு வெற்று எக்ஸ்எம்எல் ஆவணம், ஒவ்வொரு தோற்றத்துக்கும் ஓர் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட், எல்லாவற்றையும் கட்டி வைக்கும் ஒரு பட்டியல் கோப்பு ஆகியவை இருக்கும். ஒருவழிப் பாதைச் சிக்கலை அது எளிதாகத் தீர்த்தது. ஸ்டைல்ஷீட் உருவாக்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் "நீ மூல ஆவணத்தின் இந்த இடத்துக்குச் சொந்தம்" என்று ஒரு குறிப்பை ஒட்டி வைத்தது. பயனர் அடித்தது அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும். ஊழியருக்கு ஒரு தோற்றம், மேலாளருக்கு வேறு தோற்றம், அடியில் ஒரே ஆவணம். அலுவலகத்தில் நிரல் எழுதத் தெரியாதவரும் இழுத்துப் போட்டுப் படிவம் செய்யலாம்.

ஆனால் முதல் பதிப்பில் ஒரு பெரிய குறை. படிவத்தை நிரப்புகிறவரின் கணினியிலும் இன்ஃபோபாத் இருக்க வேண்டும். உலாவியில் நிரப்பும் வசதி 2007 பதிப்பில்தான், அதுவும் ஷேர்பாயின்ட் சர்வர் வழியாக வந்தது. வெளியாட்கள் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு ஆரம்பத்தில் அது உதவவில்லை.

சான் ஹொசேயில் பிரிந்த பாதை

எக்ஸ்பார்ம்ஸுக்கு வேறு குறை. அதைக் காட்ட உலாவி இல்லை. அப்போது பெரும்பாலானோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 2001-ல் வந்தது. அடுத்த பதிப்பு 2006 வரை வரவில்லை. எக்ஸ்பார்ம்ஸ் வேண்டுமென்றால் ஒட்டுநிரல் நிறுவ வேண்டும், அல்லது சர்வரிலேயே எச்டிஎம்எல்லாக மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு குறியை மூடாமல் விட்டால்கூட ஆவணம் முழுவதையும் நிராகரிக்கும் எக்ஸ்எம்எல்லின் கண்டிப்பும் வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமில்லாதது.

2004 ஜூன் 1, 2 தேதிகளில் கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் டபிள்யூ3சி ஒரு பட்டறை நடத்தியது. மொசில்லாவும் ஓபராவும் சேர்ந்து ஒரு யோசனை வைத்தன. இருக்கிற எச்டிஎம்எல்லையே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்போம், பழைய உலாவி உடையக்கூடாது என்பதே அது. வாக்கெடுப்பில் ஆதரவு 8, எதிர்ப்பு 14. யோசனை தோற்றது. சில நாட்களிலேயே மொசில்லா, ஓபரா, ஆப்பிள் தரப்பினர் சேர்ந்து வாட்விஜி என்ற தனிக்குழுவை அறிவித்தார்கள்.

அவர்களின் முதல் வேலைகளில் ஒன்று வெப் பார்ம்ஸ் 2.0. அதன் தந்திரம் எளியது. உலாவிக்குத் தெரியாத வகைப் பெட்டி வந்தால், அது அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாக எடுத்துக்கொள்ளும். இது பழைய உலாவிகளின் பழக்கம். அதனால் "தேதி", "மின்னஞ்சல்", "எண்" என்று புது வகைகளைச் சேர்த்தால், புது உலாவியில் சரிபார்ப்பு நடக்கும், பழைய உலாவியில் படிவம் குறைந்தபட்சம் வேலை செய்யும். எக்ஸ்பார்ம்ஸ் புது வீடு கட்டச் சொன்னது. இவர்கள் பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே சுவரைப் பூசினார்கள்.

அதன்பிறகு நடந்தது வேகமானது. 2006 அக்டோபரில் டிம் பெர்னர்ஸ்-லீ, உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றும் முயற்சி பலிக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். 2007-ல் டபிள்யூ3சி எச்டிஎம்எல் வேலையை மறுபடி தொடங்கியது. 2009-ல் எக்ஸ்எச்டிஎம்எல் 2 குழு மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் எக்ஸ்பார்ம்ஸ் 1.1 வெளியானபோது, கவனித்தவர்கள் குறைவு. 2014 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், இன்ஃபோபாத் 2013-தான் கடைசிப் பதிப்பு என்றது. அதே அக்டோபரில் எச்டிஎம்எல்5 முழுமையான பரிந்துரையானது. ஒரு வார இடைவெளியில் வந்த இரண்டு போட்டியாளர்களையும் மூன்றாமவர் முந்திவிட்டார்.

தோற்ற பிறகு கிடைத்த வாழ்வு

கதை இங்கே முடிந்திருந்தால் அது சாதாரணத் தோல்விக் கதை. ஆனால் உலாவிகள் ஏற்காத எக்ஸ்பார்ம்ஸ், மின்சாரமும் சிக்னலும் சரியாக இல்லாத ஊர்களில் போய் வேலை செய்தது.

2000களின் கடைசியில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தகவல் எடுக்க, கைபேசிக்கு ஏற்ற படிவம் தேவைப்பட்டது. படிவம் முழுவதும் கைபேசிக்குள் இருக்க வேண்டும், இணைப்பு இல்லாமலே சரிபார்க்க வேண்டும், விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி மாற வேண்டும், ஒரே படிவம் பல மொழிகளில் இருக்க வேண்டும். எக்ஸ்பார்ம்ஸின் மாதிரி இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சாதாரண ஜாவா கைபேசிகளுக்காக ஜாவாரோசா என்ற நிரல் எழுந்தது. அதன் மேல் காம்கேர் வந்தது. 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய ஓடிகே வந்தது. ஓடிகே படிவங்கள் எக்ஸ்பார்ம்ஸ் 1.0-ன் ஒரு பகுதியையே அடிப்படையாகக் கொண்டவை. இந்தியாவில் 2018-ல் தொடங்கிய போஷண் அபியான் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் கைபேசியில் பயன்படுத்திய செயலியும் காம்கேர் மேல் கட்டப்பட்டதுதான். 2021-ல் அதன் இடத்துக்கு வேறு செயலி வந்தது.

இந்தப் படிவங்களைச் செய்கிறவர்கள் எக்ஸ்எம்எல்லைக் கையால் எழுதுவதில்லை. எக்செல் தாளில் ஒரு வரிக்கு ஒரு கேள்வி எழுதினால் போதும். ஆனால் அந்தத் தாளின் பத்திகளைப் பாருங்கள். கட்டாயம், பொருத்தம், நிபந்தனை, கணக்கீடு. 2003-ல் எக்ஸ்பார்ம்ஸ் வைத்த அதே சொற்கள். ஸ்டைல்ஷீட்டும் காணாமல் போகவில்லை. இந்தப் படிவங்களை உலாவியில் காட்ட வந்த என்கெட்டோ, அவற்றை எச்டிஎம்எல்லாக மாற்ற எக்ஸ்எஸ்எல்டியைத்தான் பயன்படுத்தியது. உலாவிக்குள்ளேயே இருந்த எக்ஸ்எஸ்எல்டியை நீக்கப்போவதாக 2025-ல் குரோம் குழு அறிவித்தது. சர்வர் பக்கம் அதற்கு எந்தத் தடையும் இல்லை.

வலைத்தளத்தில் வென்றது எது? பழைய உலாவியை உடைக்காதது. கிராமத்தில் வென்றது எது? விதியைத் தோற்றத்திலிருந்து பிரித்து வைத்தது. சான் ஹொசேயில் வாக்களித்த இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் இடத்தில் சரியாகவே சொன்னார்கள். ஒரு தரம் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், அதை யார் கையில், எந்தக் கருவியில், எந்த ஊரில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. உலாவியில் பிப்ரவரி 31-ஐத் தடுப்பது எச்டிஎம்எல்5. எடை பார்க்க வந்த குழந்தையின் எடைக்கட்டத்தில் 8.5-க்குப் பதில் 85 கிலோ என்று அடித்தால் கைபேசி அங்கேயே மறுப்பதற்குப் பின்னால் இருப்பது எக்ஸ்பார்ம்ஸ் சொல்லித்தந்த ஒற்றை வரி நிபந்தனை.