டைக்ரீஸ் கரையில் பன்னிரண்டாம் கம்பெனி

இரு உலகப் போர்களிலும் சேவித்த முதியவரின் பதக்கங்களை எண்ணிப் பார்க்கிறோம். எந்த ஆற்றங்கரையில், எவரை எதிர்த்து நின்றார் என்று கேட்பதில்லை.

1965 வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த நம் தர்மபுரிக்கு, மதராஸ் சேப்பர்களின் தலைமையிடமான பெங்களூர் அண்மையது. 1780இல் தோன்றிய இப்படையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என மூவரும் இருந்தனர். பாலம் அமைப்பதும் வழி சமைப்பதும் இவர்கள் பணி. இதன் பன்னிரண்டாம் கம்பெனி முதற்போரில் இராக் சென்றது.

1917 பிப்ரவரி 23 வைகறையில் ஷும்ரான் வளைவில் டைக்ரீஸ் நதியைக் கடக்கும் பணி தொடங்கிற்று. துடுப்பு வலித்தவர்களுள் சேப்பர்களும் இருந்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஆளெல்லாம் மாண்டு, நீரோட்டத்தில் மிதந்து போன படகுகளும் உண்டு. எதிர்க்கரையில் நின்றதோ உதுமானியப் படை. அதன் சுல்தானே அன்று கலீஃபா! புனிதத் தலங்களுக்குத் தீங்கு நேராதென்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் 1914 நவம்பரிலேயே அறிவித்திருந்தார். ஆயினும் முஸ்லிம் சிப்பாயின் நெஞ்சம் அவ்வறிக்கையால் அமைதியுற்றிருக்குமா? துருக்கியரை எதிர்க்க அனுப்புவர் என்ற வதந்தியும் சேர்ந்தே 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஐந்தாம் இலேசு காலாட்படையைக் கிளர்ச்சிக்குத் தூண்டியது. 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிளர்ந்தவரையோ துடுப்பு வலித்தவரையோ இன்று தீர்ப்பிட நாம் துணியோம்.

கூத்திலிருந்து பக்தாத் செல்லும் வழியில் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அடங்கிய ஸல்மான் பாக் இருக்கிறது. மார்ச் 11இல் பக்தாத் வீழ்ந்தது. நம் இல்லங்களில் மௌலிது ஓதிப் போற்றும் முஹ்யித்தீன் ஆண்டகையின் நகரம். ஸியாரத்துக்கு ஏங்கிய ஊருக்குள் துப்பாக்கி ஏந்தி நுழையும் நிலை சில முஸ்லிம் சிப்பாய்களுக்கு வாய்த்தது.

போர் முடிந்ததும் சென்னை மாகாணத்தார் 'போர்மரபினர் அல்லர்' என்ற கருத்து மேலோங்கிற்று. மதராஸ் காலாட்படையின் கடைசிப் பட்டாளமும் 1928இல் கலைக்கப்பட்டது. மறுபோர் மூண்டு ஆள் வேண்டியபோது அந்த மரபு எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது! சேப்பர்கள் மட்டும் இடையறாது நீடித்தனர். அதே பன்னிரண்டாம் கம்பெனி 1941இல் எரித்திரியாவின் கெரனிலும் 1944இல் இத்தாலியின் கசினோவிலும் பணியாற்றிற்று. அதன் உடன்பிறப்பான பதினோராம் பீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24இல் மின்யானோ அருகே கண்ணிவெடிமேல் தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து உயிர் துறந்தார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

அவர் பெயராவது நிலைத்தது. 1929இல் திறக்கப்பட்ட பஸரா நினைவிடத்தில் இந்தியப் படை அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சிப்பாய்களோ படைவாரியாக வெறும் எண்ணிக்கையாயினர். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல்தான் இதற்கு மன்னிப்புக் கோரிற்று. நம் வீட்டுப் பரண்களில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகள் கிடக்கக்கூடும். எடைக்குப் போடுமுன், அதிலுள்ள பெயரையும் கம்பெனி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.