ஆறு பேர் நட்ட காடு

ரியோ டி ஜெனிரோன்னா உடனே ஞாபகத்துக்கு வர்றது கையை விரிச்சு நிற்கிற அந்த இயேசு சிலைதானே? அடுத்த தடவை அந்த போட்டோவைப் பார்த்தா சிலையை விட்டுட்டு சுத்தியிருக்கிற பச்சையைப் பாருங்க. அதுதான் திஜுகா. பெருநகரத்துக்கு நடுவுல சுமார் 3,950 ஹெக்டேர் தேசியப் பூங்கா. ஆதிகாலத்துக் காடு எப்படியோ தப்பிப் பிழைச்சிருக்குன்னு தோணும். அதான் இல்லை. இதுல கணிசமான பகுதி ஒரு காலத்துல மொட்டைச் சரிவு.

காரணம் காபி. 19ம் நூற்றாண்டு ஆரம்பத்துல இந்த மலையில் காட்டை வெட்டி, எரிச்சு, காபித் தோட்டம் போட்டாங்க. ஊருக்குக் குடிதண்ணி வந்ததும் இதே மலை ஓடைகள்ல இருந்துதான். 1808ல் போர்ச்சுகல் அரச குடும்பமே ரியோவுக்குக் குடிவந்த பிறகு ஜனத்தொகை வேற ஏறிடுச்சு. மரம் போச்சு, ஓடை வத்திச்சு. 1840களில் வறட்சி வந்தப்போதான் அரசாங்கம் முழிச்சுக்கிச்சு. 1850களில் தோட்டங்களைக் கையகப்படுத்த ஆரம்பிச்சாங்க. 1861ல் பேரரசர் இரண்டாம் பெட்ரோ, இங்கே மறுபடி காடு வரணும்னு உத்தரவு போட்டார். அழகுக்காக இல்லீங்க, தண்ணிக்காக!

பொறுப்பு மேஜர் மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர் கையில வந்தது. தன்னோட பண்ணையில் இருந்தும், பக்கத்துல மிச்சமிருந்த காட்டில் இருந்தும் நாற்று கொண்டுவந்தார். 1862 முதல் 1874 வரை நட்டது ஒரு லட்சத்துக்கும் மேல. வரலாறு அவரைக் கொண்டாடுது, கொண்டாடட்டும். ஆனா குழி தோண்டினது யாரு?

ஆரம்பத்துல அவர்கிட்ட இருந்த ஆட்கள் ஆறே பேர். ஆறு பேருமே அடிமைகள். எலியூத்தேரியோ, கான்ஸ்டன்டினோ, மனுவேல், மத்தேயுஸ், லியோபோல்டோ, மரியா. கூலியாட்கள் சேர்ந்தது அப்புறம்தான். இந்த ஆறு பேரைப் பத்தி நமக்குக் கிடைக்கிறது பேர் மட்டும்தான். என்ன வயசு, எந்த ஊர்ல இருந்து பிடிச்சுட்டு வந்தாங்க, நட்ட மரம் வளர்ந்து நின்னதைப் பார்த்தாங்களா, ஒண்ணும் தெரியாது. முன்னாடி காட்டை அழிச்சு காபி நட்டதும் அடிமைகளோட கைகள்தான், திருப்பி நட்டதும் அடிமைகளோட கைகள்தான். பிரேசில்ல அடிமைமுறை ஒழிஞ்சது 1888ல், அதாவது ஆர்ச்சர் பொறுப்பை விட்டு 14 வருஷம் கழிச்சு.

சரி, நட்டாச்சு. காடு தானா வளர்ந்திருக்கும்னு நினைக்கிறீங்களா? அங்கதான் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வர்றார்: பலா! போர்ச்சுகீசியர்கள் கப்பலேத்தி பிரேசிலுக்குக் கொண்டுபோனது. பேரு கூட அங்கே 'ஜாக்கா'. மலையாளத்து 'சக்கை'தான் அது (நாகர்கோவில்காரங்க சிரிப்பீங்களே). இங்கே நாம கொண்டாடுற அதே மரம் திஜுகாவில் பெரிய தலைவலி. பழம் விழுந்த இடமெல்லாம் கன்று முளைச்சு உள்ளூர் மரங்களை நெருக்குது. அதனால பலாவைக் குறைக்கிறதே பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு வேலை.

இன்னொரு சிக்கல் விதை. வேட்டையாடினதுல பல விலங்குகள் அங்கே அற்றுப்போச்சு. மரம் இருக்கு, பழம் இருக்கு, விதையைத் தூக்கிட்டுப்போக ஆளில்லை. 2010ல் இருந்து அகூட்டிங்கிற கொறிவிலங்கைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க. இது பின்னாடி தின்னலாம்னு கொட்டைகளைப் புதைச்சு வைக்கும், சிலதை மறந்துடும். அந்த மறதியிலதான் அடுத்த மரம் முளைக்குது :) 2015ல் ஊளைக்குரங்குகளும் வந்து சேர்ந்தாச்சு.

அதாவது ஆரம்பிச்சு 150 வருஷத்துக்கு மேலாகியும் வேலை முடியலை. நம்ம ஊர்லயும் 'ஒரே நாளில் இத்தனை ஆயிரம் மரக்கன்று'ன்னு அடிக்கடி செய்தி வருது. நல்ல விஷயம்தான். ஆனா என்ன மரம் நடுறாங்க, அடுத்த கோடையில தண்ணி ஊத்தப்போறது யாரு, இந்த ரெண்டும் அந்தச் செய்தியில் இருக்கான்னு பாருங்க. அப்படியே குழி தோண்டினவங்க பேரும் இருக்கான்னு பாருங்க. ரியோவில் அந்த ஆறு பேராவது மிஞ்சியிருக்கு.